நெறிகட்டு என்றார்கள், டிபி என்றார்கள்

தம்பியின் கழுத்துக் கட்டியை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, சலூன்கார அண்ணன். தாடி எடுக்கும்போது இடப்பக்கக் காறை எலும்புக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு, “என்ன தம்பி, இங்க நெறி கட்டியிருக்கு, வலிக்குதா?” என்று கேட்டிருக்கிறார். வலிக்கவில்லை. வலிக்காததால் இரண்டு மாதம் இவனும் வீட்டில் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வந்தபோது நெல்லிக்காய் அளவு இருந்தது. தொட்டால் அழிரப்பர் மாதிரி இருக்கும், விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நகரும்.

அப்போது அவனுக்கு 24 வயது. தேனிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. நான் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். அப்பா இல்லாத வீடு, அதனால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவது என் பங்கு. மருத்துவம் படித்தவள் இல்லை. அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

சாயங்காலமானால் காய்ச்சல். ராத்திரி பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை. 61 கிலோ இருந்தவன் 54-க்கு வந்துவிட்டான். இதோடு கழுத்தில் கட்டியும் என்றால் நம் ஊரில் மளிகைக்கடைக்காரர்கூட டிபி என்பார். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. கழுத்தில் நெறி கட்டுவதற்கு நம் நாட்டில் டிபி ரொம்பச் சாதாரணமான காரணம். சிக்கல் என்னவென்றால், லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயும் இதே மூன்றோடுதான் வரும்: காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடைக் குறைவு. இஎஸ்ஆர் என்கிற ரத்தப் பரிசோதனை அளவும் இரண்டிலும் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சட்டை போட்டிருக்கும்.

முதலில் பார்த்த டாக்டர் ஊசிப் பரிசோதனை எழுதினார். எஃப்என்ஏசி என்பார்கள். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, வருகிற நாலு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பது. பத்து நிமிட வேலை, மறுநாள் ரிப்போர்ட். கிரானுலோமா (அணுக்கள் கூடிய சின்ன முடிச்சு) தெரிகிறது, டிபிக்குப் பொருந்துகிறது, கிருமி தென்படவில்லை என்று வந்தது. சரி, டிபிதான். அரசு மையத்தில் மாத்திரை கொடுத்தார்கள், தினமும் வெறும் வயிற்றில் நாலு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பயந்துவிட்டான். மாத்திரையின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் அக்கா சொன்ன பிறகுதான் சாப்பிட்டான்.

முதல் மாதம் கட்டி கொஞ்சம் வற்றியது. அம்மா சுருளி அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். இந்த வற்றல்தான் எங்களை ஏமாற்றியது. லிம்போமாக் கட்டி சில சமயம் தானாகவே ஏறி இறங்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மூன்றாவது மாதம் வலப்பக்கமும் ஒன்று முளைத்தது. கூடவே உடம்பு முழுக்க அரிப்பு. தடிப்பு இல்லை, சொறி இல்லை, ஆனால் ராத்திரி முழுக்கச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பான். அரிப்புக்கு ஒருவர் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். ஐந்தே நாளில் அரிப்பும் குறைந்தது, கட்டியும் சுருங்கியது. கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். அது ஸ்டீராய்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாலாவது மாதம், கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்க்கலாம் என்று ஊரில் ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “கத்தி பட்டா கெளம்பிரும்டி. மாமா பொண்டாட்டிக்கு அப்படித்தான ஆச்சு” என்றார். நானும் பாதி நம்பினேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்து ஒரு சனிக்கிழமை எடுத்தார்கள். துண்டை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு என் கையில் கொடுத்து, லேபில் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். லேப் பூட்டியிருந்தது. மறுநாள் ஞாயிறு. ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தேன். திங்கள்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த டெக்னீஷியன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “இது ஃபார்மலின் இல்லையேம்மா, வெறும் சலைன்.”

ஃபார்மலின் என்றால் கண்ணைக் கரிக்கும். மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். சதையை அது அப்படியே நிறுத்தி வைக்கும், சலைன் வெறும் உப்புத் தண்ணீர், நிறுத்தாது. உடம்பிலிருந்து வெளியே வந்த சதை தன்னைத் தானே கரைக்க ஆரம்பித்துவிடும். இரண்டு நாளில் அந்தத் துண்டு பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போயிருந்தது. சதை சிதைந்துவிட்டது, கருத்துச் சொல்ல இயலாது என்று ஒற்றை வரி ரிப்போர்ட். தம்பி கழுத்தில் மூன்று தையல்.

அந்தப் பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றாதது என் தப்பு இல்லைதான். ஆனால் “இதில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் தாங்கும்?” என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. மீன் வாங்கும்போது ஐஸ் போட்டிருக்கிறதா என்று கேட்கிற நான், தம்பி சதைக்குக் கேட்கவில்லை.

மதுரைக்குப் போனோம். அங்கே பார்த்த புற்றுநோய் மருத்துவர் கட்டியைத் தொடுவதற்கு முன்பே ஃபைலை வாங்கினார். பழைய எஃப்என்ஏசி ரிப்போர்ட்டை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே பேனாவை வைத்து என் பக்கம் திருப்பினார். சின்ன எழுத்தில் இருந்தது: மருந்துக்குக் குறையாவிட்டால் நெறியை முழுதாக எடுத்துப் பரிசோதிக்கவும். நாலு மாதமாக அந்தக் காகிதம் என் பையில்தான் இருந்தது. தடித்த எழுத்தில் இருந்ததை மட்டும் படித்து மடித்து வைத்திருந்தேன். எழுதியவர் எழுதியிருக்கிறார். படிக்க வேண்டியவர்கள் யாரும் படிக்கவில்லை, என்னையும் சேர்த்து.

அடுத்து அவர் கேட்டது, இடையில் ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டானா என்று. இல்லை சார் என்றேன். அரிப்புக்கு, மூச்சிரைப்புக்கு, எதற்குமே இல்லையா என்றார். அப்போதுதான் அந்த வெள்ளை மாத்திரை ஞாபகம் வந்தது. நல்லவேளை, அட்டையைத் தூக்கிப் போடவில்லை. லிம்போமா அணுக்களை ஸ்டீராய்டு தற்காலிகமாகச் சுருக்கிவிடும். அந்த நேரத்தில் சதை எடுத்தால் உள்ளே இருப்பது ஒழுங்காகத் தெரியாமல் போகலாம். நோய் போயிருக்காது, தடயம்தான் போயிருக்கும். ஐந்து நாளோடு நின்றதாலும், நிறுத்தி மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதாலும் தப்பித்தோம். காரணம் தெரியாத நெறிகட்டுக்கு யாராவது சதை எடுக்கும் முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால், எதற்கு என்று கேட்டுவிட்டு விழுங்குங்கள்.

ஊசியிலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொன்னால் இதுதான்: வாசலில் கோலம் போட்டிருக்கிறது. ஒரு சிட்டிகை மாவை அள்ளி வந்து பார்த்தால் மாவு என்று தெரியும், அரிசி மாவா கல் மாவா என்றுகூடத் தெரியும். புள்ளிக் கோலமா சிக்குக் கோலமா என்று தெரியாது. ஊசியில் வருவது மாவு. லிம்போமாவில் கோலத்தைத்தான் பார்க்க வேண்டும், அதற்கு முழு நெறியும் வேண்டும். தைராய்டு மாதிரி சில இடங்களில் ஊசியே நிறையச் சொல்லிவிடுமாம். மார்புக் கட்டிக்கு, சதையை ஒரு நூல் போல எடுக்கும் தடித்த ஊசி இருக்கிறது, கோர் பயாப்ஸி என்பார்கள். இடத்துக்கு ஏற்ற ஊசி, இடத்துக்கு ஏற்ற கத்தி.

அம்மாவின் பயத்தையும் கேட்டுவிட்டேன், அம்மாவை வைத்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. “வெட்டுனதால பரவுறதில்லம்மா. நெறயப் பேரு பரவுன பின்னாடிதான் எங்ககிட்ட வர்றாங்க. அதனால வெட்டுனதும் பரவுன மாதிரி தெரியுது” என்றார். ஊசியோ கத்தியோ யோசித்து வைக்க வேண்டிய இடங்களும் உண்டு என்று அவரே சொன்னார். விரையில் கட்டி என்றால் விதைப்பை வழியாக ஊசி குத்த மாட்டார்கள். தொடையிடுக்கு வழியாக விரையையே எடுத்துத்தான் பார்ப்பார்கள். சிர்ரோசிஸ் என்கிற ஈரல் சுருக்கம் இருக்கிறவருக்கு ஈரலில் வரும் கட்டியைச் சில சமயம் சிடி, எம்ஆர்ஐ படத்தை வைத்தே உறுதி செய்வார்கள். கை, கால் சதையில் வரும் சார்கோமா என்கிற புற்று என்றால் ஊசி போன வழியையும் ஆபரேஷனில் சேர்த்து எடுக்க வேண்டிவரும், அதனால் ஆபரேஷன் செய்யப் போகிறவரே அந்த ஊசியையும் திட்டமிட வேண்டும். மாமா மனைவிக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தம்பிக்கு இது எதுவும் இல்லை.

ஸ்கேனில் பார்த்து இருப்பதில் பெரிய நெறியைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடையிடுக்கிலும் ஒன்று இருந்தது, எடுக்க இன்னும் சுலபம். ஆனால் அங்கே செருப்பில்லாமல் நடந்த காயத்துக்குக்கூட நெறி கட்டும், அதை நம்ப முடியாது என்று கழுத்திலேயே எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். வெளியே வந்த நர்ஸ் டிரேயில் வைத்துக் காட்டினார். பலாக்கொட்டையின் தோலை உரித்தால் இருக்குமே, அந்த வெளுப்பு. எங்கள் கண் முன்னாலேயே இரண்டாக நறுக்கி, பெரிய பாதியை அகல வாய் டப்பாவில் ஃபார்மலினில் போட்டார்கள். சதையைப் போலப் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டுமாம், முழுக வேண்டுமாம். சின்னப் பாதி இன்னொரு பாட்டிலில், சலைனில்.

“சலைன் கூடாதுன்னாங்களே சிஸ்டர்?” என்று பதறிவிட்டேன். அது டிபி பரிசோதனைக்கு. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது (கல்ச்சர் என்றால் கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது). அதனால் இதைச் சலைனில் வைத்து உடனே அனுப்பியாக வேண்டும். டிபியா புற்றா என்று சந்தேகம் இருக்கும் நெறிக்கு இரண்டு பாட்டில் வேண்டும், இரண்டும் வேறு வேறு திரவம், வேறு வேறு லேப். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிபி கேள்வி பாதியில் நிற்கும், முழுவதையும் சலைனில் போட்டால் எங்களுக்கு நடந்தது நடக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றாலும் தகும்.

லேபுக்குப் போகும் படிவத்தில் பெயர், வயது, கழுத்து நெறி என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள். நான் ஒரு முழுத்தாளில் காய்ச்சல் எப்போது தொடங்கியது, எடை எவ்வளவு குறைந்தது, டிபி மாத்திரை எத்தனை மாதம், ஸ்டீராய்டு எந்தத் தேதியில், அரிப்பு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, முதல் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸோடு பின் போட்டுக் கொடுத்தேன். கிளார்க் புத்தி. சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் நோயியல் மருத்துவர் என்னை அழைத்துப் பேசியது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

அப்புறம் காத்திருப்பு. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை மறுநாளே வந்தது, கிருமி இல்லை. கல்ச்சருக்கு ஆறு வாரம் என்றார்கள். ஃபார்மலின் பாதி நாலு நாள் கழித்து, லிம்போமா மாதிரி இருக்கிறது, ஐஹெச்சி (அணுக்களின் அடையாளத்தைச் சாயம் போட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்ய வேண்டும் என்று பாதி பதிலோடு வந்தது. இன்னும் ஒரு வாரம், இன்னும் பணம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நேராக பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே என்றார் சித்தப்பா. தெரியாது. பெட் ஸ்கேனில் புற்றும் மின்னும், டிபியும் மின்னும். நோய் எங்கெங்கே இருக்கிறது என்று அது காட்டும், எந்த நோய் என்று சதைதான் சொல்ல வேண்டும். தம்பி மட்டும் தினமும் சாயங்காலம் கடையிலிருந்து போன் போட்டு, “என்னக்கா, இன்னும் பேரு வைக்கலயா?” என்று கேட்பான்.

பதினோராவது நாள் பேர் வைத்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா. ரிப்போர்ட் வாங்கப் போன இடத்தில் அந்த நோயியல் மருத்துவர், பார்க்கிறீர்களா என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். ஊதாவும் ரோஸுமாக, கம்பளம் மாதிரி ஒரே பொடிப் பொடி அணுக்கள். நடுவில் ஒன்று மட்டும் பெரிதாக, இரண்டு கரு, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. ஆந்தை முழிக்கிற மாதிரியே இருந்தது. இந்த வகையில் கெட்ட அணு நூற்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் இருக்குமாம். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கூடிய நல்ல அணுக்கள். கிரானுலோமாவும் பக்கத்திலேயே இருந்தது, ஆகவே முதல் ஊசி ரிப்போர்ட் பொய் இல்லை. அரிசியில் கல் கிடக்கிறது, அள்ளிய பிடியில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது ஒன்று ஆறுதலாக இருந்தது. தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற லண்டன் மருத்துவர் 1832-ல் இந்த நோயை விவரித்தவர். அந்த ஆந்தைக்கண் அணுவை 1898-ல் விரிவாக எழுதிய ஸ்டெர்ன்பெர்க் என்ற மருத்துவர், இது டிபியின் ஒரு வகை என்றே நினைத்தார். 1902-ல் டாரதி ரீட் என்ற பெண் மருத்துவர்தான் இது டிபி இல்லை, தனி நோய் என்று சதையை வைத்து வாதாடினார். மைக்ராஸ்கோப் வைத்திருந்தவரே குழம்பியிருக்கிறார் என்றால் எங்கள் ஊர் டாக்டர் குழம்பியதில் என்ன அதிசயம்? அவர்மீது இருந்த கோபம் எனக்கு அன்றைக்குப் பாதி தணிந்தது. ஆனால் மூன்றாவது மாதம் குறையாதபோது நிறுத்தி யோசிக்காததற்கான மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

பேர் தெரிந்ததால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு: ஐஹெச்சியில் சிடி30, சிடி15 பாசிட்டிவ், சிடி20 நெகட்டிவ் என்று வந்தது. இவை அணுவின் மேல் இருக்கும் அடையாளங்களின் பெயர்கள். சிடி20 இருக்கிற லிம்போமாவுக்கு அதையே குறிவைக்கும் ஊசி ஒன்று உண்டு, விலையும் அதிகம். தம்பிக்கு அது வேண்டாம் என்று தெரிந்தது. அவனுக்கு ஏபிவிடி என்ற நாலு மருந்துச் சேர்க்கை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அதில் ஒன்று சிவப்பாக இருக்கும், இதயத்தைப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். ஒன்று நுரையீரலைப் பார்த்துவிட்டு. இரண்டும் லிம்போமாதான், மருந்து வேறு. முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதிக்கு எழுதும்போதும் பயாப்ஸி ரிப்போர்ட்டைத்தான் முதலில் கேட்டார்கள்.

கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கையில் கம்பத்துக்கார அக்கா ஒருவர். மார்பில் இருந்ததைக் கொழுப்புக் கட்டி என்று ஒரு இடத்தில் எடுத்திருக்கிறார்கள். எடுத்ததை லேபுக்கு அனுப்பவே இல்லை. ஆறு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்திருக்கிறது. முதலில் எடுத்தது என்ன, விளிம்பு வரை சுத்தமாக வந்ததா, ஹார்மோனுக்குக் கட்டுப்படுவதா, எதற்கும் விடை இல்லை. எதை எடுத்தாலும், எவ்வளவு சாதாரணம் என்று சொன்னாலும், லேபுக்கு அனுப்புகிறீர்களா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற டாக்டரை நான் இதுவரை ஒருவரைத்தான் பார்த்தேன்.

எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரின் அம்மாவுக்கு நேர்மாறு. வயிற்றில் நீர், ரத்தத்தில் சிஏ-125 என்கிற புற்று அடையாள அளவு எக்கச்சக்கம், சினைப்பைப் புற்றுநோய் என்று ஆபரேஷன் தேதி வரை போய்விட்டது. சின்னத் துளை போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் வயிற்று டிபி. சிஏ-125 அதிலும் ஏறும். மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. ‘புற்றுநோய் டெஸ்ட் பேக்கேஜ்’ என்று ரத்தத்தை மட்டும் வைத்து விற்கிற நோட்டீஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாதான் ஞாபகம் வருகிறார்.

கீமோ தொடங்கும் முன் சென்னையில் இன்னொரு கருத்துக் கேட்கப் போனோம். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மாதிரி பெரிய இடங்களுக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துப் போக வேண்டாம். ஸ்லைடும் (சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடி) மெழுகு பிளாக்கும் எடுத்துப் போங்கள். பிளாக் என்பது சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் கூடு, தீப்பெட்டியைவிடச் சிறியது. கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். அதிலிருந்து மறுபடி சீவி, வேறு சாயம் போட்டு, வேறு கண்ணால் பார்க்கலாம். கழுத்தை மறுபடி வெட்ட வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைக்காதீர்கள், மெழுகு உருகும் என்று லேபில் சொல்லித்தான் கொடுத்தார்கள். சென்னையிலும் அதே பேர்தான் சொன்னார்கள்.

ஆறு வார கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றாவது கீமோ அன்றைக்கு வந்தது. டிபி வளரவில்லை.

தம்பி இப்போது காயில் கட்டுகிறான், 66 கிலோ, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டிவிட்டு வருகிறோம். பிளாக்கை லேபில் திருப்பிக் கொடுக்கலாம் என்றேன், அம்மா விடவில்லை. ஹாட்ஜ்கின் காலத்தில் எடுத்துப் பாதுகாத்த சதையையே 1926-ல் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சிலருக்கு அதே நோய்தான் இருந்தது என்று உறுதி செய்தார்கள் என நான் படித்துச் சொன்னது அவர் மனதில் நின்றுவிட்டது. பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்தார். போன சித்திரையில் பீரோ கதவைத் தொட்டால் சுட்டது. மறுநாள் பார்த்தால் பத்திரம் மட்டும் இருக்கிறது, பிளாக்கைக் காணவில்லை. பதறித் தேடினால், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மண்பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் ஈரத்துணி போர்த்தி வைத்திருக்கிறார்.